நீதிபதியின் கையெழுத்து

எங்கள் நாடகத்தில் என் வீட்டுக்காரர்தான் நீதிபதி. நான் மேடைச் சாமான்களுக்குப் பொறுப்பு. மூக்குக்கண்ணாடி, சுத்தியல், தீர்ப்புக் கோப்பு, மை நிரப்பிய பேனா எல்லாம் திரை விலகுமுன் அந்தந்த இடத்தில் இருந்தாக வேண்டும்.

பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்தாள் என்று ஒரு நர்ஸைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அதுதான் கதை. கடைசியில் நீதிபதி எழுந்து, "தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்க ஒரு பெண்ணுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும்" என்று சொல்லித் தீர்ப்பில் கையெழுத்திடுவார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். முன்வரிசைக்குத் தெரியும் என்பதால் என் வீட்டுக்காரர் ஒப்புக்குக் கிறுக்க மாட்டார். கோப்பில் நான் வைக்கும் வெற்றுத்தாளில் தன் சொந்தக் கையெழுத்தையே போடுவார். முந்தாநாள் வரை நாற்பத்தோரு ஆட்டம், நாற்பத்தோரு கையெழுத்து.

எனக்கு ஒன்று கிடைக்கவில்லை.

மூன்று பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் செத்துப் பிழைத்தேன். போதும் என்று கருத்தடை ஆபரேஷனுக்குப் போனால், கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று ஒரு ஃபாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. "பாக்கலாம்" என்பார். அதன் மேலேயே டீ டம்ளரை வைப்பார். போன மாதம் நாள் தள்ளிப்போனபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். நல்லவேளை, அது வெறும் தாமதம்தான்.

நேற்று மாலை ஆட்டத்தில் அந்த ஃபாரத்தைத் தீர்ப்புக் கோப்பில் வைத்துவிட்டேன்.

கோப்பைத் திறந்தவர் அப்படியே நின்றார். ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. வசனம் மறந்துவிட்டது என்று பயந்து, வசனம் எடுத்துக்கொடுப்பவர் திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்: "கையெழுத்து ஒன்றே போதும்... சார், ஒன்றே போதும்."

குரல் தழுதழுக்கச் சொன்னார். எழுதினார். கைதட்டல் ஓயவே இல்லை.

கோப்பு என் கைக்கு வந்தது. 'கணவர்' என்று அச்சடித்த இடத்தில், முதல்முறையாக, நாடகத்து நீதிபதியின் பெயரை எழுதியிருந்தார். அழகாக, நிறுத்தி எழுதியிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது சந்தோஷமாக இருந்தார்.

"அந்த இடத்துல நிறுத்தினேன் பாத்தியா? டைரக்டர் கட்டிப்பிடிச்சிட்டாரு. தினமும் அப்படியே வேணுமாம்."

"பாத்தேன்."

"நாளைக்கும் அந்த ஃபாரத்தையே வை."

"அதுதான் வீணாப்போச்சே. ஆஸ்பத்திரியில வேற வாங்கணும்."

"ரெண்டு மூணா வாங்கி வச்சுக்கோ."

கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு. நாடகம் முடியுமுன்பே தூங்கிப்போன கடைக்குட்டியின் தலையை வீடு வரும்வரை தோளில் தாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்று ஒன்றே ஒன்று வாங்கினேன். கோப்பில் பழையபடி வெற்றுத்தாள்தான் வைத்தேன். திறந்து பார்த்தவர் என் பக்கம் முறைத்தார். நிறுத்தவும் மறந்துபோய், கடகடவென்று ஒப்பித்து முடித்தார்.

ஒப்பனை அறையில் அவர் சாயத்தைத் துடைக்கும் கண்ணாடிக்கு முன்னால் ஃபாரமும் பேனாவும் இருந்தன.

"இங்க எதுக்கு வச்சிருக்க?"

"இங்க யாரும் பாக்கல. உங்க பேரைப் போடுங்க."

"பாக்கலாம்."

"பாருங்க. அதுவரைக்கும் நான் பிள்ளைங்க ரூம்லதான் படுத்துக்குவேன்" என்றேன். "அதுக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்."