மூன்றாம் நம்பர் ஸ்கோப்

ஆஸ்பத்திரி மேலாளர் நீட்டிய பேனாவைப் பிரஷ்ஷக்கா வாங்கினாள். மூடியைப் போட்டு மூடினாள். அவர் மேசையிலேயே திருப்பி வைத்தாள். முன்னால் இருந்த மன்னிப்புக் கடிதத்தில் இரண்டே வரிகள்தான்: கருவியைச் சரிவரக் கழுவாதது என் தவறு, இனி இப்படி நடக்காது. அதற்குக் கீழே அவள் கையெழுத்துக்காக ஒரு கோடு.

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கோப் கழுவும் அறை பதினொரு வருஷமாக அவள் ராஜ்ஜியம். வாய் வழியாக உள்ளே விட்டுப் பித்தக்குழாய்க் கல்லை எடுக்கிறார்களே, அந்த நீளக் கறுப்புக் குழாய்தான் ஸ்கோப். ஒருத்தர் வயிற்றிலிருந்து வெளியே வந்ததும் அது அவள் தொட்டிக்கு வரும். அவள் தேய்த்து, மருந்தில் ஊறவைத்து, காயவைத்து, பச்சைச் சீட்டுக் கட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்தவர் வாய்க்குள் போகும். கொதிக்க வைத்துத் தொலைக்கலாம் என்றால் உருகிவிடுமாம், அவ்வளவு சொகுசு. எந்நேரமும் கையில் பிரஷ்ஷோடு திரிவதால் பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் பிரஷ்ஷக்கா. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் வேலையில் குறை சொல்ல இந்த மாதம் வரை எவருக்கும் நாக்கு எழுந்ததில்லை.

இந்த மாதம் நாலு பேருக்குக் காய்ச்சல். எந்த மருந்துக்கும் அசையாத கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. நாலு பேரும் கல் எடுக்க வந்தவர்கள், நாலு பேருக்கும் உள்ளே போனது மூன்றாம் நம்பர் ஸ்கோப். அதில் ஒரு பஸ் டிரைவர் செத்தே போனார். அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பிரஷ்ஷக்கா பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னால், புருஷன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடச் சொன்னான். வேலையை விட்டா தூக்குகிறார்கள், துணி துவைக்கிற பக்கம் மாற்றுவார்கள், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று இருக்க வேண்டியதுதானே என்றான்.

"உனக்கென்ன, சொல்லிட்டே. நான் போட்டா அந்த டிரைவரை நான் கொன்னதா ஆயிடும்," என்றாள். "கொன்னேனா இல்லையான்னு மொதல்ல எனக்குத் தெரியணும்யா."

மறுநாள் போய், மூன்றாம் நம்பரை எல்லோர் முன்னாலும் கழுவிக் காட்டுகிறேன், அப்புறம் சோதித்துப் பாருங்கள் என்றாள். கருவியிலேயே கோளாறு இருக்கலாம் என்றும் சொன்னாள். மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்து வைத்தார்கள். பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. டிரைவருக்குக் கல் எடுத்தவர் அவர்தான். கழுவட்டும், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார்.

கழுவும் அறையில் நாற்காலிகள் போட்டார்கள். சுவரில் தொங்கும், ஸ்கோப் கம்பெனி கொடுத்த கழுவும் முறைப் புத்தகத்தைத் தலைமை நர்ஸ் ஒவ்வொரு வரியாக வாசிக்க, பிரஷ்ஷக்கா ஒவ்வொரு வரியாகச் செய்தாள். தண்ணீரில் முக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஒவ்வொரு துளையிலும் பிரஷ்ஷை விட்டு இழுத்தாள், அழுக்கு வராத வரைக்கும் இழுத்தாள். அரை மணி ஆனதும் மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். முக்கால் மணியில் கால் மாற்றிக் கால் போட்டார். ஒரு மணியில், போன் வருகிறது என்று எழுந்தார்.

"உட்காருங்க சார்," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. "நாப்பது நிமிஷத்துக்கு ஒரு ஸ்கோப் வேணும்னு சுற்றறிக்கை விட்டது நீங்கதானே? இன்னும் காயவே இல்ல."

மனுஷர் உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்ததும் லேப்பிலிருந்து வந்த அம்மாள் பஞ்சுக் குச்சியால் நுனியைத் துடைத்து எடுத்தாள். மாதாமாதம் அப்படித்தான் எடுப்பாள், மாதாமாதம் கிருமி இல்லை என்றுதான் வரும். பிரஷ்ஷக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஸ்கோப்பின் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு மடல் உண்டு, உள்ளே போகிற கம்பியை நிமிர்த்திக் கொடுப்பது. உடைந்தால் வம்பு என்று சோதனைக்கு அதை யாரும் தூக்கியதே இல்லை. அதன் பின்பக்க இடுக்குக்குள் பிரஷ்ஷின் முடி முழுதாக நுழையாது. இதை அவள் இரண்டு தடவை மேலாளரிடம் சொல்லியிருக்கிறாள். கம்பெனிக்காரனைவிட உனக்குத் தெரியுமோ என்று இரண்டு தடவையும் கேட்டிருக்கிறார்.

"மடலைத் தூக்கிட்டு, அதுக்குப் பின்னாலயும் ஒண்ணு எடும்மா," என்றாள். லேப்பம்மாள் பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

மூன்று நாள் கழித்து லேப்பம்மாள் கிருமி வளர்த்துப் பார்க்கும் இரண்டு கண்ணாடித் தட்டுகளோடு தானே இறங்கி வந்தாள். நுனியைத் துடைத்த தட்டில் ஒன்றும் இல்லை. மடலுக்குப் பின்னால் எடுத்த தட்டில் புள்ளி புள்ளியாக மண்டிக் கிடந்தது. டிரைவரின் ரத்தத்தில் இருந்த அதே கிருமிதான் என்றாள். பிரஷ்ஷக்கா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அப்பாடா, நான் இல்லை என்று வந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஒழுங்காகக் கழுவியும் போகாத ஒன்றுக்கு எத்தனை பச்சைச் சீட்டுக் கட்டியிருக்கிறாள்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை யாரோ அவள் மேல் போட்டார்கள், பாவத்தைத் தெரியாமல் அவள் கையாலேயே கட்டியிருக்கிறாள்.

மன்னிப்புக் கடிதம் மேலாளர் மேசையிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போனது. மன்னிப்பு ஒன்றும் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை, அதை அவள் எதிர்பார்க்கவுமில்லை. மூன்றாம் நம்பர் ஸ்கோப், அதைச் செய்த கம்பெனிக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள்: இரண்டு தடவை ஊறவைத்தால் போதும், பயமில்லை.

மறுநாளைக்கு ஆறு பேர் கல் எடுக்கக் காத்திருந்தார்கள். பிரஷ்ஷக்கா இரண்டு தடவை ஊறவைத்தாள். மடலைத் தூக்கி மறுபடி சோதிக்கச் சொன்னாள். விடை வர மூன்று நாள் ஆகும், அதுவரை நிறுத்திவைக்க முடியாது என்று மேலாளர் கீழே இறங்கி வந்தார். பின்னாலேயே தலைமை நர்ஸும் பெரிய டாக்டரும் வந்தார்கள். பச்சைச் சீட்டு மேசை மேல் இருந்தது. கட்டு என்றார் மேலாளர்.

அவள் சீட்டையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"போதும்னு தெரிஞ்சா நீங்க போடுங்க சார்."

அது தன் வேலை இல்லை என்று அவர் தலைமை நர்ஸ் பக்கம் நகர்த்தினார். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று நர்ஸம்மா பெரிய டாக்டர் பக்கம் நகர்த்தினாள். பெரிய டாக்டர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டார். மற்ற இரண்டு ஸ்கோப்பிலும் மடலைத் தூக்கி எடுத்த சோதனை சுத்தமாக வந்திருக்கிறது, நாளைக்கு அவசரமான மூன்று பேருக்கு மட்டும் அவற்றால் பார்க்கலாம், மற்றவர்கள் வீட்டுக்கு நானே பேசுகிறேன் என்றார்.

"கூடம் கோணல்தான் சார்," என்றாள் பிரஷ்ஷக்கா மேலாளரிடம்.

இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தாள். யாருக்குள்ளும் விடக்கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். மூன்றாம் நம்பரின் கழுத்தில் அதை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அதே பேனாவை எடுத்து, வழக்கம்போல் கிறுக்காமல், தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.