புட்டி ஆறுவதற்குள்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. கரும்புக்குக் களை வெட்டிக்கொண்டே என் பெரியம்மா சொன்னது. "எழுதிக்கோ, நீதான் படிச்சவளாச்சே. என் பேர மட்டும் மாத்திடு" என்றாள். அமிர்தம் என்று மாற்றிவிட்டேன். ஊரை மாற்ற மனமில்லை: கச்சிராயபாளையம். வருடம் 1987, எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களைச் சாய்த்த வாரம்.

(அந்த மறியல் இல்லாவிட்டால் எனக்குக் காலேஜ் சீட் இல்லை. மறியல்காரர்களைத் திட்ட நினைக்கும்போதெல்லாம் பேனா அங்கே வந்து நின்றுவிடுகிறது.)

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

'அன்று காலை அணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று' — வேண்டாம். காற்றைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

'தாய்மை என்பது' — சீ.

'அமிர்தத்தின் ஜாக்கெட்டுக்குள் ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது.' இது இருக்கட்டும்.

புட்டியில் இருந்தது அவள் புருஷன் சின்னதுரையின் விந்து. கள்ளக்குறிச்சி டாக்டரம்மா அதைக் கழுவி, தேறினதை மட்டும் மெல்லிய குழாயால் நேரே கர்ப்பப்பைக்குள் விடுவார். உடம்புச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். இது மூன்றாவது தடவை. இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தால் என்ன என்கிறீர்களா? "அந்த பாத்ரூம்ல எனக்கு ஆவாது" என்றுவிட்டான்.*

* அவளுக்கு மட்டும் எந்தக் கட்டிலிலும், எத்தனை பேர் முன்னாலும் ஆகவேண்டும்.

3

அவன் சைக்கிள் மிதிக்க, அவள் பின்னால். கள்ளக்குறிச்சிக்கு மூன்று மைல் இருக்கையில் ரோட்டின் குறுக்கே புளியமரம். மரத்தின்மேல் முப்பது ஆண்கள். சின்னதுரையின் பங்காளி வேடியப்பன் சைக்கிளைப் பிடித்தான்.

"இன்னாடா, ஊரே ரோட்ல குந்திக்கினு இருக்குது, நீ பொண்டாட்டிய ஏத்திக்கினு சினிமாவுக்கா போற?"

"இல்லண்ணே, ஆஸ்பத்திரிக்கு. இவளுக்குத்தான் வைத்தியம்."

"பன்னெண்டு வருசமா ஆவாதது இன்னிக்கே ஆயிடப் போவுதா? நாளைக்குப் போடா."

எல்லாரும் சிரித்தார்கள்.

இவளுக்குத்தானாம். அவளிடம் ஒரு குறையும் இல்லை. உயிரணு எண்ணிக்கை கம்மி அவனுக்கு. அது அவர்கள் இருவருக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரியும். நாளைக்குப் போக முடியாது என்பதற்கு ஒரே காரணம் புட்டி. புட்டியைச் சொன்னால் யாருடையது, ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

4

இங்கே நான் அமிர்தத்தைப் பேச வைத்தேன். புட்டியை எடுத்து, முப்பது பேர் முகத்துக்கும் நேரே நீட்டி— நல்ல காட்சி. பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் எதுக்குடி சொல்லணும்? அது என்னுதா? அவரு சொல்லட்டும்னு மூஞ்சியையே பாத்துக்கினு நின்னேன்."

அந்தக் காட்சியை அடித்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததையும் சொன்னாள். குழந்தை பிறந்ததா என்பதும் எனக்குத் தெரியும். ஊர் அவளிடம் கேட்டது அதை மட்டும்தான்; அதனாலேயே எழுத மாட்டேன்.

5

சின்னதுரை ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நிற்கிறான். அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவன் வாயில் நான் எந்த வார்த்தையை வைத்தாலும் பொய்யாகத் தெரிகிறது.

படிக்கிறவர் ஆணாக இருந்தால், அவனுக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. முப்பது பேருக்கும் கேட்கணும். புட்டியின் ஒரு மணி நேரத்தில், வந்த தூரத்தையும் மிச்சமிருக்கிற மூன்று மைலையும் கழித்துப் பார்த்தேன். உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் தரமுடியும்.