பனிக்குக் காத்திருந்த சுவர்

ரோசலி பெட்டிக்வான் வரைந்த படங்கள் நகரத்துக் கண்காட்சிகளில் எல்லாம் தொங்கின. சொந்த ஊரில் ஒரு சுவரில்கூட இல்லை. அந்தக் குறை அவளுக்கு நெடுநாளாக உண்டு. அதனால்தான் புதிய ஐஸ் ஹாக்கி அரங்கின் பெரிய சுவரை ஊர்ச்சபை கொடுத்தபோது, அறுபதைத் தாண்டியவள் குமரி மாதிரி சாரத்தில் ஏறினாள்.

கோடை முழுக்க வரைந்தாள். வயிற்றுக்குள் முட்டைகள் தெரியும் பெரிய மீன், நெஞ்சுக்குள் இதயம் சிவந்திருக்கும் கரடி, கழுகு. ஒவ்வொன்றிலிருந்தும் தடித்த கறுப்புக் கோடு கிளம்பி, நடுவில் விட்டிருந்த வெற்றிடத்தின் ஓரம் வரை வந்து நின்றது. அங்கே வரவேண்டியவன் முயல் காதுக்காரன், உலகத்தையே மறுபடி செய்த, எங்கள் பழங்குடிக் கதைகளின் குறும்பன். தரையில் பனி விழுந்த பிறகுதான் அவன் கதையைச் சொல்வோம், பெயரும் அப்போதுதான். குளிர்கால உறக்கத்துக்குப் போகுமுன், தவளையும் பாம்பும் விழித்திருக்கையில் சொன்னால், கேட்டுவிட்டுப் படுக்கைக்கே வந்துவிடும். ரோசலிக்கு வரைவதும் சொல்வதும் ஒன்றுதான்.

செப்டம்பர் கடைசியில் திறப்பு விழா. ஊர்த்தலைவன் இசடோர் அவள் கணவனின் தம்பி. அண்ணியைச் சீண்டாத நாள் அவனுக்கு நாளே இல்லை.

“என்ன அண்ணி, பெயிண்ட் தீந்துபோச்சா? விழாவுக்குள்ள முடிக்கலேன்னா டவுன்ல போர்டு எழுதுறவன்கிட்ட சுவரைக் குடுத்துடுவேன்.”

பாதி விளையாட்டு, பாதி நிஜம். அந்த நிஜப் பாதிக்குத்தான் அவள் பயந்தாள்.

“பனி விழட்டும் கொழுந்தனாரே.”

“பனிதானே? வாங்க காட்டுறேன்.”

அரங்கின் பின்புறம் கூட்டிப்போனான். ஐஸைச் சீவும் வண்டி கொட்டிய வெள்ளைக் குவியல் இடுப்பளவு கிடந்தது. “தரையிலதானே கிடக்கு? போய் வரைங்க!”

குவியலின் ஈர ஓரத்தில் கொழுத்த தவளை ஒன்று தொண்டையை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“அவரு முழிச்சுத்தான் இருக்காரு,” என்றாள் ரோசலி. “இன்னிக்கு ராத்திரி உங்க படுக்கைக்கு அனுப்பட்டுமா? உங்க பொண்டாட்டி இடம் குடுப்பாளான்னு கேட்டுட்டு வாங்க.”

இசடோர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். தவளையை இன்னொருமுறை பார்த்துவிட்டு நடையைக் கட்டினான்.

விழாவில் முதல் ஆட்டம் ஆட வந்திருந்த பக்கத்து ஊர் கோல்கீப்பர் வெற்றிடத்தைக் காட்டி, “உங்க ஓவியருக்குப் பாதியிலயே தூக்கம் வந்துடுச்சா?” என்று கத்தினான். ரோசலிக்குக் காது சுட்டது. இசடோர் மைக்கைப் பிடித்தான். சுவர் போயிற்று என்றே நினைத்தாள்.

“தூங்கலப்பா,” என்றான் அவன். “ஊர் உலகத்துக்கெல்லாம் வரைஞ்சவங்க எங்க அண்ணி. எங்க சுவர்ல அவசரப்பட மாட்டாங்க. நடுவுல யாரு வரணும், எப்ப வரணும்னு உனக்குத் தெரியலேன்னா, வீட்டுக்குப் போய் உங்க அம்மாவைக் கேளு.”

அரங்கம் அதிர்ந்தது. ரோசலி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

முதல் பனி விழுந்த காலையில் அவள் பெயிண்ட் டப்பாக்களோடு வந்தாள். வாசல் முழுக்க வண்டிகள், பக்கத்து ஊர் வண்டிகளும்தான். யாரும் யாரையும் அழைக்கவில்லை. உள்ளே ரொட்டியும் தேநீருமாக ஊரே உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் அந்த கோல்கீப்பர், பக்கத்தில் அவன் அம்மா. எந்த நகரத்திலும் அவளுக்கு இப்படி ஒரு கூட்டம் காத்திருந்ததில்லை.

சாரத்தில் ஏறி, முதலில் இரண்டு நீளக் காதுகளைப் போட்டாள். நின்றிருந்த கோடுகளை ஒவ்வொன்றாக அவனோடு சேர்த்தபடியே, திரும்பிப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

“நானபுஷ் ஒருநாள் பயங்கரப் பசியோட வந்தான். பாக்குறதுக்கு நம்ம இசடோர் மாதிரியே இருப்பான்...”

முதலில் சிரித்தவன் இசடோர்தான்.