மேடேற்றும் சிப்

எங்கள் கார் மேடு ஏறாது. என் தங்கச்சி வீடு மேட்டின் உச்சியில் இருப்பதால் இந்த விஷயம் குடும்பம் முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனால், மேட்டடியில் நானும் மகளும் இறங்கிக்கொள்வோம். என் வீட்டுக்காரர் மட்டும் காரை உறுமவிட்டு ஒரே ஓட்டமாக மேலே கொண்டுபோவார். நாங்கள் மூச்சிரைக்க நடந்து போய்ச் சேரும்போது, தங்கச்சி வீட்டுக்காரர் மாடியில் டீ டம்ளரோடு நிற்பார்.

"வாங்க அண்ணி, தள்ளிட்டு வந்தீங்களா, இல்ல சும்மாத்தான் நடந்து வந்தீங்களா?"

அவரிடம் புதுக் கார் இருக்கிறது. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கொடுத்த மாதிரி, வாராவாரம் நாங்கள் போய் நிற்போம்.

போன மாதம் அவர் ஒரு படி மேலே போனார். "சகலை, இந்த வண்டிக்கு ஒரு ஆள் பார்த்து வச்சிருக்கேன். எடை போட்டு எடுத்துக்குவான். உங்களுக்கும் நிம்மதி, அண்ணி காலுக்கும் நிம்மதி."

என் வீட்டுக்காரர் சிமெண்ட் கடையில் கணக்கு எழுதுகிறவர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அன்றைக்கு என்ன வந்ததோ, டம்ளரை நங்கென்று வைத்தார். "அடுத்த மாசம் முதல் ஞாயிறு, மூணு பேரும் கார்லேயே மேல வர்றோம். வரலைன்னா சாவி உங்க கையில."

எங்கள் வீட்டில் யாரையும் கேட்காமல் அவராகவே தேர்ந்தெடுத்த ஒரே பொருள் அந்தக் கார்தான். என்னைக்கூட அவருடைய அக்காதான் தேர்ந்தெடுத்தார். அது எடைக்குப் போனால் மனுஷன் உடைந்துபோவார்.

அந்தக் காரின் வியாதி பாதி எஞ்சினில், பாதி இவரிடம். மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போய், மேட்டின் நடுவில் எஞ்சின் முக்கத் தொடங்கினால் இவருக்கு மனசு இளகிவிடும். "பாவம், மூச்சு வாங்குது" என்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். அது அங்கேயே படுத்துவிடும். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இந்த இரக்கத்தை நான் பார்த்ததில்லை.

சவால் விட்ட நாலாம் நாள் கூரியரில் ஒரு டப்பா வந்தது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் தன் கருவியைச் செருகிப் பார்ப்பாரே, அந்தத் துளையில் இதைச் செருகிவிட்டால் போதுமாம். எஞ்சினின் பலம் கூடும், பெட்ரோல் செலவு குறையும் என்று அட்டையில் போட்டிருந்தது. விலை மகளின் ஷூவைவிடக் குறைவு.

நான் மருந்துக் கடையில் நிற்கிறவள். வெள்ளை மாத்திரையைத் திருப்பிக் கொடுத்து, "போன தடவை சிவப்புல குடுத்தீங்களே, அதுலதான் கேட்டுச்சு" என்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். இரண்டும் ஒரே மருந்துதான்.

"இதுவும் சிவப்பு மாத்திரைதாங்க" என்றேன்.

"நீ எதைத்தான் நம்பியிருக்க?" என்று செருகினார். பெட்டியில் ஒரு நீல விளக்கு கண் சிமிட்டியது. அவர் முகத்திலும் அதே வெளிச்சம்.

'முதல் இருநூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டவும். சிப் உங்கள் ஓட்டும் முறையைப் படித்துக்கொள்ளும்' என்று அட்டையில் இருந்தது. மனுஷன் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஓட்ட ஆரம்பித்தார். பெட்ரோல் நிஜமாகவே கூடுதல் நாள் வந்தது. கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

"மெதுவா ஓட்டினா எந்தக் காரும் கம்மியாத்தான் குடிக்கும். சிப் எதுக்கு?" என்றேன்.

"என்னை மெதுவா ஓட்ட வச்சது யாரு? சிப்தானே?"

வாதத்தில் தோற்றால் எனக்குக் கோபம் வரும்.

அந்தக் கோபத்தோடுதான், பந்தய நாளுக்கு முந்தின சனிக்கிழமை மதியம், அவர் சாப்பிட்டுக் குறட்டை விடும்போது, சிப்பைப் பிடுங்கிவந்து சமையலறை மேடையில் வைத்துக் கத்தியால் நெம்பினேன். மூடி திறந்தது. உள்ளே ஒரு விளக்கு, அதைச் சிமிட்ட வைக்க ஒரு பொட்டுச் சில்லு, மின்சாரத்துக்கு இரண்டு கம்பி. துளையில் செருகும் மற்ற ஊசிகளெல்லாம் எதோடும் சேராமல் சும்மா நின்றன. எஞ்சினோடு இது ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மூடியை அழுத்தினேன். மளுக்கென்றது. விளக்கின் கால் முறிந்து கையோடு வந்துவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்கூட அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். விளக்கு இல்லாவிட்டால் நாளைக்கு நடுமேட்டில் காலை எடுத்துவிடுவார், சாவி கைமாறிவிடும், அதற்குக் காரணம் என் கத்தி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் வாசலில் மகளின் ஷூ கண்ணில் பட்டது. மிதித்தால் நீலமாக மின்னும் ஷூ. இடதுகால் ஷூவின் குதிகாலை பிளேடால் கீறி, பேட்டரியோடு பொத்தான் அளவுக் கட்டியாக இருந்த விளக்கை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து ஒட்டினேன். குலுக்கினேன், மின்னியது. சும்மா வைத்தால் மின்னவில்லை. ரோடு குலுங்காமல் எங்கே போகும்?

ஆனால் விளக்கு மேடு ஏற்றாதே. காரோடு வந்த புத்தகத்தை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காததை, முதல் முறையாகப் பிரித்தேன். 'இழுவை குறைந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்கவும்' என்று படத்தோடு இருந்தது. பானெட்டைத் தூக்கி, கிளிப்புகளை விடுவித்து மூடியைத் திறந்தேன். உள்ளே ஓர் எலிக் குடும்பம் குடித்தனம் நடத்தியிருந்தது. பின்சீட்டுப் பஞ்சு, என் கடைப் பஞ்சு, மகளின் காணாமல்போன சாக்ஸ், எல்லாம் சேர்த்து மெத்தையே போட்டிருந்தார்கள். வீட்டுக்கார எலி என் கைமேல் ஏறி ஓடியது. நான் அலறினேன்.

"என்னாச்சு?" என்று உள்ளேயிருந்து குரல்.

"பால் பொங்கிடுச்சுங்க!"

மெத்தையை அள்ளி எறிந்தேன். ஃபில்டரைத் தட்டினால் தட்டத் தட்டத் தூசி வந்தது. டிக்கியில் மேட்டுக்குப் பயந்து, சக்கரத்துக்கு அணை கொடுக்க இவர் சுமந்துகொண்டு திரிந்த செங்கற்களையும் இறக்கிவைத்து, சிப்பைப் பழைய துளையிலேயே செருகினேன். கார் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் கிளம்பியதும் இவர் குனிந்து பார்த்தார். "என்ன, எரியலை?"

வாசல் பள்ளத்தில் கார் இறங்கியது. விளக்கு பளிச்சென்றது.

"ஓ! படிச்சு முடிச்சிடுச்சு. இப்ப தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யுது" என்றார் பூரிப்பாக. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேட்டடி வந்தது. பழக்கத்தில் மகள் கதவுப் பிடியில் கை வைத்தாள். "உட்காருடா" என்றார். கார் ஏறத் தொடங்கியது. மேலே மாடியில் டீ டம்ளர் தெரிந்தது. நடுமேட்டில் எஞ்சின் முக்கியது. அவர் முகம் இளகியது, கால் தயங்கியது. கடவுளே, ஒரு பள்ளம் போதும் என்று வேண்டினேன். முனிசிபாலிட்டி கைவிடவில்லை. தடக் தடக்கென்று கார் குலுங்க, விளக்கு தீபாராதனை காட்டுகிற மாதிரி மின்னித் தள்ளியது. "போடா ராஜா!" என்று அமுக்கினார். ஏறிவிட்டது.

தங்கச்சி வீட்டுக்காரர் டம்ளரோடு கீழே ஓடிவந்தார். "சகலை! என்ன பண்ணினீங்க?"

"சிப்" என்றார் இவர், கவர்னர் மாதிரி இறங்கி.

மகளும் குதித்து இறங்கினாள். வலதுகால் மின்னியது. இடதுகால் மின்னவில்லை. அவள் இரண்டு தரம் தரையை மிதித்துப் பார்த்து, "அம்மா, இது செத்துப்போச்சு" என்றாள்.

என் வீட்டுக்காரர் ஷூவைப் பார்த்தார். சிப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கணக்கு எழுதுகிறவருக்குக் கூட்டத் தெரியாதா? என் காது சுட்டது.

அதற்குள் தங்கச்சி வீட்டுக்காரர் சிப்பைப் பிடுங்கித் தன் புதுக் காரில் செருகிவிட்டார். "எரியலையே?"

ஒரு நிமிஷம் எல்லாம் என் வீட்டுக்காரர் வாயில் இருந்தது. என் மானமும் அதில் இருந்தது.

"அதுக்குக் குதிக்கணும் சகலை" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

புதுக் காரின் சீட்டில் தங்கச்சி வீட்டுக்காரர் எம்பி எம்பிக் குதித்தார். விளக்கு மின்னியது. "அட, ஆமா!"

"நீங்களே வச்சுக்கங்க" என்றார் இவர் பெருந்தன்மையாக.

திரும்பிக் கிளம்பும்போது இவர் டிக்கியைத் திறந்து பார்த்தார். பிறகு, "டிக்கியில செங்கல்லைக் காணோம்" என்றார்.

"ம்."

"வேற என்னெல்லாம் பால் பொங்கிச்சு?"

எலி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. "எனக்காகவா எலியத் தொட்ட?" என்று மட்டும் கேட்டார்.

வாரநடுவில் தங்கச்சி போன் செய்தாள். "அக்கா, அந்தச் சிப்பு மாட்டினதுலேர்ந்து இவரு பள்ளமாப் பார்த்துப் பார்த்து ஓட்டுறாரு. இடுப்பு போச்சு. கேட்டா, வண்டி பறக்குதுங்கிறாரு."

அடுத்த ஞாயிறு மறுபடியும் மேட்டடிக்கு வந்தோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே துளை காலியாக இருந்தது. அவர் காரை நிறுத்தி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை தானாகக் கதவுக்குப் போனது.

"இறங்காத" என்றார். "எஞ்சின் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. அது கேக்காம நீ பார்த்துக்க."

"நானா? எப்படி?"

"உச்சி வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே வா."

பதினெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது. ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதில் ஆரம்பித்தேன். அவர் அக்கா விஷயத்துக்கு வரும்போது நடுமேடு தாண்டியிருந்தது. கார் உச்சியில் போய் நின்றது. எனக்குத்தான் இன்னும் நிறைய மிச்சமிருந்தது.