ஹிஸ்கியோவின் இடது காது

1935இல் பனி உருகிய வாரம், புகாரா நகரின் யூதத் தெருவில் குடியிருந்த பள்ளி இன்ஸ்பெக்டர் ஹிஸ்கியோவின் இடது காதிலிருந்து, யூத வேதமான தோராவின் முதல் வசனம் பாட்டாகக் கேட்கத் தொடங்கியது. அந்த வாரம் வெங்காய விலையும் ஏறியிருந்தது. அவர் வாய் மூடித்தான் இருந்தது. குரல் பன்னிரண்டு வயதுப் பையனுடையது. வசனம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தது. பஞ்சு வைத்து அடைத்தார், பஞ்சும் பாடியது. ரஷ்ய டாக்டர் எண்ணெய் ஊற்றினார். குரல் சற்று வழவழப்பானது. அரசு தடை செய்திருந்த வேதத்தைச் சொல்லிக்கொடுப்பவர்களைக் காட்டிக்கொடுப்பதே அவருடைய உத்தியோகம் என்பதால் மூன்றாம் நாள் வேலை போயிற்று.

நான்கு வீடு தள்ளியிருந்த பக்மலுக்கு அது யார் குரல் என்று உடனே தெரிந்தது. முப்பது வருடத்துக்கு முன் அவள் அப்பாவிடம் பாடம் கேட்ட அதே ஹிஸ்கியோவின் குரல். பெண்களுக்குப் பாடம் இல்லாததால் ஆறு வயது பக்மல் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, ஹிஸ்கியோவுக்கு முன்பே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன் அப்பா நிலவறையில் ரகசியமாகப் பாடம் எடுப்பதை ஹிஸ்கியோ எழுதிக்கொடுத்தார். அப்பாவை வண்டியில் ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தது மூக்குக்கண்ணாடி மட்டும். அன்று ஹிஸ்கியோ, அப்பா தாளம் தட்டிய பறையை அடுப்பில் வைத்து, அந்த நெருப்பிலேயே தேநீர் போட்டுக் குடித்தார்.

பாட்டு ஏன் நகரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அவர்கள் தொழுகைக்கூடத்தில் வாசிப்பவர் ராகம் தவறினால் கூட்டம் உரக்கத் திருத்தும். சரியாகச் சொல்லும்வரை அவர் வசனத்தை விட்டு நகர முடியாது. குரல் இறங்க வேண்டிய மூன்றாம் இடத்தில் ஹிஸ்கியோ ஏறினார். அப்பா அதட்டி அலுத்த இடம் அது. தெருவில் திருத்தத் தெரிந்த ஆண்கள் வாயைத் திறக்கவில்லை. திருத்தினால், வேதம் தெரியும் என்றாகிவிடும்.

ஒரு நாள் ஹிஸ்கியோ அவள் வாசலுக்கே வந்தார்.

“தங்கச்சி, எங்க தப்புன்னு சொல்லிடும்மா. ராத்திரி பகலா இதே பாட்டு. பைத்தியம் புடிக்குது.”

“எனக்கென்ன அண்ணே தெரியும்? பொம்பளைங்களுக்குத்தான் பாடமே கிடையாதே. டீ போடலாம்னா அடுப்புல வைக்கவும் ஒண்ணுமில்ல.”

அந்த வசந்தம் முழுக்க அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஆனால் பிள்ளைகள் ஹிஸ்கியோவின் பின்னாலேயே திரிந்தார்கள். ஆப்ரிகாட் பழம் காயவைக்கும் நாளில், பழத்தைப் பிளந்துகொண்டே பக்மலின் தங்கை மகள் தோவோ அந்த வசனத்தைப் பாடினாள். மூன்றாம் இடத்தில் ஏறினாள். தெருவின் முப்பத்தொரு பிள்ளைகளும் அப்படித்தான் பாடினார்கள். இனி அவர்கள் பிள்ளைகளும் அப்படியே பாடுவார்கள். அப்பாவைத் தின்றவன் அவருடைய பாட்டையும் தின்றுகொண்டிருந்தான், பார்த்துக்கொண்டிருந்தது அவள்.

மறுநாள் செம்புத் தாம்பாளத்தைத் தட்டி அவள் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தாள். அண்டை வீட்டுக்காரி, “உங்கப்பா போன எடத்துக்கே போகணுமாடி?” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பக்மல் முப்பத்தொரு பேரையும் ஹிஸ்கியோவின் முன்னால் நிறுத்தினாள். காது மூன்றாம் இடத்தில் ஏறியதும் பிள்ளைகள் கத்தித் திருத்தினார்கள். காது வசனத்தில் பின்னால் போய், சரியாகப் பாடி, நின்றது.

ஹிஸ்கியோ அழுதுகொண்டே அவள் கையைப் பிடிக்க வந்தார். ஒரு மூச்சு இடைவெளியில் இரண்டாம் வசனம் தொடங்கியது. அதில் இரண்டு தப்பு. அப்பாவின் மாணவர்களிலேயே மட்டம் அவர்தான். மூன்று வருடத்தில் முதல்முறையாக பக்மல் சிரித்தாள்.

“அஞ்சு புத்தகம் அண்ணே. ஐயாயிரத்து எண்ணூத்துச் சொச்சம் வசனம். நாளைக்குக் காலையில நேரத்தோட வந்துடுங்க.”

வராமலிருக்க அவரால் முடியவில்லை. திருத்தாத நாளில் காது விடியவிடியக் கத்தியது. போலீஸ் ஒருமுறை வந்து பார்த்தது. ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் அவரைத் திட்டுவதுபோலக் கத்தினார்கள். காதுநோய் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் புத்தகம் முடிவதற்குள் தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். “மூஞ்சி கழுவிட்டு ஹிஸ்கியோவுக்கு ஓடு” என்று தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். அவருக்கு ஸ்டூல் போடுவதை மட்டும் பக்மல் பிள்ளைகளிடம் விடவில்லை. குளிர்காலத்தில் முற்றத்தில் வெயில் படாத இடமாகப் பார்த்து, தன் கையாலேயே போட்டாள்.