செனட்டரின் வாரிசுகள்

என் கணவன் ராய்ஸ் தன் வாழ்நாளில் ஒரு தவறுகூடச் செய்ததில்லை. இதை எனக்குச் சொன்னதும் அவன்தான். எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் கார் இல்லை. அறுபது பிளாஸ்டிக் பெட்டிகளும் பெட்டிக்கு ஒரு பால் பைத்தானும், அதாவது பந்து மலைப்பாம்பும், இருக்கின்றன. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுவான பாம்பு. எங்கள் துல்சா நகரத்துப் பக்கத்தில் நாயை நடத்திக் கூட்டிப்போகச் சோம்பல்படுகிறவர்கள் இதை வாங்கி வளர்க்கிறார்கள். புதுப்புது நிறங்களில் குட்டி எடுத்துக் கண்காட்சிகளில் விற்கிறோம். இதில் விஞ்ஞானம் ராய்ஸின் பொறுப்பு. கழிவு வாருவது, எலி கொடுப்பது, ஆணையும் பெண்ணையும் ஒரே பெட்டியில் விடுவது எல்லாம் என் பொறுப்பு.

அவனுடைய விஞ்ஞானத்தின் சிகரம் செனட்டர். ஸ்பைடர் என்ற ரகம். தேன் நிற உடம்பில் நூல் நூலாகக் கறுப்புக் கோடுகள், பார்க்க அழகுதான், பொய் சொல்லக் கூடாது. அந்தக் கோட்டைப் போடுகிற மரபணுவேதான் அதன் தலையையும் ஆட வைக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றை வாங்க முடியாது. செனட்டரின் தலை ஓரிடத்தில் நிற்காது. ஆமாம் என்கிறதா இல்லை என்கிறதா என்று யாருக்கும் புரியாது. அதனால்தான் அந்தப் பெயரை வைத்தேன். எலியை நீட்டினால் எலிக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைக் கடிக்கும். நாலாவது ஐந்தாவது தடவை நானே இடுக்கியை வாய்க்குள் கொண்டுபோய் வைப்பேன்.

போன அக்டோபர் கண்காட்சிக்கு ஆர்டித் என்ற பள்ளி ஆசிரியை வந்தார். வகுப்பில் வைத்து வளர்க்க ஒரு பாம்பு வேண்டுமாம். ராய்ஸ் பெருமையாக செனட்டரின் மகன் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினான்.

"இது ஏன் தலைய இப்படி முறுக்கிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டார் ஆர்டித்.

"ஆர்வம் மேடம். புது மனுஷங்கள பாத்தா நல்லா உத்துப் பாக்கும்."

"அது என்னைப் பாக்கலயே. கூரைய இல்ல பாக்குது?"

"இந்த ஹால் வெளிச்சம் அதுக்கு ஒத்துக்கல. கார்ல வேற ரெண்டு மணி நேரம் வந்திருக்கு பாருங்க."

"மல்லாக்கப் போட்டா உடனே திரும்பிக்குமா? கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

"எங்க பாம்புங்களுக்கு அந்த மாதிரி மரியாதைக் குறைவெல்லாம் நாங்க பண்றதில்ல மேடம்."

ஆர்டித் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ராய்ஸ் என் பக்கம் திரும்பினான். "வாத்தியார் புத்திய பாத்தியா நோரீன்? வாங்க வந்தவங்க பரீட்சை வெக்கிறாங்க."

எல்லாப் பாம்புக்கும் அவனிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். சளி பிடித்திருக்கும், தோலுரிக்கப் போகும், சூடு கூடியிருக்கும், சூடு குறைந்திருக்கும். தன் பாம்புகளின் வம்சாவளியில் தலையாட்டத்தையே ஒழித்துவிட்டதாக விளம்பரத்திலும் போட்டிருந்தான்.

அந்த வருடக் குட்டிகளில் ஒன்று முட்டையிலிருந்து வரும்போதே தலைகீழாக வந்தது. தண்ணீர் குடிக்கப் போனால் திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி வேறு மூலைக்குப் போகும். பதினொரு வாரம் அதன் வாயைத் திறந்து நானே ஊட்டினேன். பன்னிரண்டாவது வாரம் செத்துப்போனது. கண்காட்சி முடிந்த மறுநாள் அது. கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். ராய்ஸ் எட்டிப் பார்த்து, "ஒரு ஈத்துல ஒண்ணு அப்படித்தான் இருக்கும். இந்த நவம்பர்ல செனட்டர நம்ம வெள்ளப் பொண்ணு பிஸ்கட்டோட விடு. ரெண்டும் சேந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு" என்றான்.

நினைத்துப் பார்த்தேன். அதுதான் பிரச்சினை. இனி அப்படி ஒரு குட்டி என் கையில் பிறக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பிஸ்கட் வெள்ளையும் மஞ்சளுமான பெண் பாம்பு. செனட்டரோடு சேர்ந்தால் குட்டிகளில் பாதிக்கு அந்தக் கோடும் ஆட்டமும் வரும். எங்களிடம் எர்ல் என்று ஓர் ஆண் உண்டு. பழைய கண்ணாடித் தொட்டி வாங்கியபோது தொட்டியோடு இலவசமாக வந்தது. காட்டில் கிடக்கிற அதே பழுப்பு நிறம், ஒரு விசேஷமும் கிடையாது. எலியை நீட்டினால் முதல் தடவையிலேயே பிடித்துவிடும். பிஸ்கட்டின் பெட்டியில் எர்லை விட்டேன். வெளியே ஒட்டுகிற அட்டையில் தேதி போட்டு 'செனட்டர்' என்று எழுதினேன். ராய்ஸ் தினமும் வந்து அட்டையைப் படித்துத் தலையாட்டிவிட்டுப் போனான். பெட்டியைத் திறந்து பார்ப்பது விஞ்ஞானியின் வேலை இல்லையே.

பிஸ்கட் ஏழு முட்டை இட்டது. ஜூலையில் குட்டிகள் முட்டையைக் கீறத் தொடங்கியபோது ராய்ஸ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நேரலை வைத்தான். இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். போன் என் கையில் இருந்தது.

"செனட்டரோட வாரிசுங்கள முதல்ல பாக்கப் போறது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு முதல் முட்டையைச் சின்னக் கத்தரியால் திறந்தான். பழுப்பு. இரண்டாவது, பழுப்பு. ஐந்தாவதில் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். ஏழாவதும் பழுப்பு. பார்த்தவர்களில் ஒருவர் சிரிக்கிற படமாகப் போட்டுத் தள்ளினார்.

ராய்ஸ் கணக்குப் போட்டான். "நூத்து இருபத்தெட்டு தடவைல ஒரு தடவை இப்படி வரும் நண்பர்களே. அந்த ஒரு தடவை நமக்கு வந்திருச்சு. நம்ம துரதிர்ஷ்டம். கவலைப்படாதீங்க, நவம்பர்ல செனட்டர மறுபடியும் விடுறோம், இந்த தடவை மூணு பொண்ணுங்களோட."

அவன் தப்பிக்க அவனே வழி கண்டுபிடித்துவிட்டான். எனக்கும் அதே வழி திறந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் மூன்று பெட்டிக்கும் அட்டையை வைத்து அவனை ஏமாற்ற முடியாது, மூன்று பெட்டி நிறையத் திருகாணிகள் பிறக்கும்.

"துரதிர்ஷ்டம் இல்ல ராய்ஸ்" என்றேன், போனை இறக்காமல். "அது எர்ல்."

"எந்த எர்ல்?"

"தொட்டியோட வந்த எர்ல். நவம்பர்லேருந்து நான்தான் விட்டேன். அட்டைல மட்டும் செனட்டர்னு எழுதினேன். இனிமே செனட்டர எந்தப் பெட்டியிலயும் விட மாட்டேன். வேணும்னா நீயே கையால எடுத்து விடு, நீயே எலியும் ஊட்டு."

ராய்ஸ் கத்தரியைக் கீழே வைத்தான். போனில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன, அவன் படிக்கவில்லை. ஒரு குட்டி முட்டையை விட்டு முழுதாக வெளியே வந்திருந்தது. தலையைத் தூக்கி நேராக அவனையே பார்த்தது. தலை ஆடவில்லை.

ராய்ஸ் அதை எடுத்து உள்ளங்கையில் மெதுவாக மல்லாக்கப் போட்டான். கண் இமைப்பதற்குள் அது திரும்பிக்கொண்டது. மறுபடியும் போட்டான். மறுபடியும் திரும்பிக்கொண்டது. எங்கள் கொட்டகையில் அந்தப் பரீட்சையை அவன் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.