இரும்புக்கு அடியில் இருந்த நீலம்

பின்பக்கத் தாங்கிகளைக் கழற்றாமலே பெயிண்ட் அடித்துவிடலாம் என்றுதான் பட்டறை முதலாளி சொன்னார். அவள்தான் கேட்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். இரும்புக்கு அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்க்காமல் பிரஷ்ஷை எடுப்பது முகம் கழுவாமல் பவுடர் போடுவது மாதிரி என்பாள்.

பழைய குதிரை வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறை அது. ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கியிருந்த நீளமான தகரக் கொட்டகை. மரத்துக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர், சக்கரத்துக்கு ஒருவர் என்று ஆள் இருந்தார்கள். வண்ணத்துக்கு அவள். ஒரு வண்டியின் மேல் காலகாலமாக அடித்துச் சேர்ந்த பெயிண்டைச் சின்ன பிளேடால் நக அகலத்துக்கு, ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டி, முதன்முதலில் அடித்த நிறத்தைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அதனால் அவளுக்கு ‘சுரண்டி அக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு போனை எடுத்ததும், “சுரண்டி பேசறேன்” என்று அவளே சொல்லும் அளவுக்குப் பழகிப்போனது.

இப்போது கொட்டகைக்கு வந்திருந்தது ஓட்டல் முதலாளி ஒருவரின் சாரட்டு வண்டி. ஓட்டல் முகப்பில் நிறுத்த வேண்டும், ஆதியில் எந்த நிறத்தில் இருந்ததோ அதே நிறத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தார். மேலே கறுப்பு. அதற்கடியில் மெரூன். அதற்கும் அடியில், மிச்சமிருந்த டப்பாக்களை எல்லாம் கலந்து அடித்த மாதிரி ஒரு பச்சை. எல்லாவற்றுக்கும் கீழே மைப்புட்டி நீலம், அதன் ஓரமாக வைக்கோல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டைப் பார்த்த அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

தாங்கி என்பது வண்டியின் உடலை ஸ்பிரிங்கோடு பிணைக்கிற வளைந்த இரும்பு. இந்த வண்டியில் அதன் அடிப்பாகம் ஐந்து இலைகளாக விரிந்து மரத்தின் மேல் படிந்திருந்தது. கையால் அடித்த வேலை. நட்டுகளில் எண்ணெய் விட்டு, தட்டிக் கொடுத்து, ஒருவழியாகக் கழற்றினாள். இரும்பைத் தூக்கியதும் மரத்தில் ஐந்து இலைகள் தெரிந்தன. பெயிண்டே படாத வெறும் மர இலைகள். அவற்றைச் சுற்றி, முதல் பூச்சான அந்த நீலம் கரை கட்டினாற்போல வந்து நின்றிருந்தது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாவது இலையின் நுனி மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டை. அடித்த கொல்லர் சுத்தியலால் ஒரு அடி கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும். நுனி மழுங்கி ஒருபக்கம் சாய்ந்திருந்தது. மரத்திலும் நீலம் அந்த மழுங்கிய நுனிவரை வந்து, அதே சாய்வில் வளைந்து போயிருந்தது. இரும்பைப் புரட்டிப் பார்த்தாள். அதன் முதுகில் துரு அரித்த குழிகள். மரத்தில் அதே இடங்களில் பழுப்புக் கறைகள். இரும்பைத் திரும்பப் பொருத்தினாள், எடுத்தாள், மறுபடி பொருத்தினாள். எங்காவது ஒரு மயிரிழை பிசகிவிடாதா என்று மனசு கெஞ்சியது. பிசகவில்லை.

வண்டிக்கு முதல் பெயிண்ட் அடித்த நாளில் இந்த இரும்பு இதே இடத்தில் இருந்திருக்கிறது. அதாவது, அத்தான் சொன்னது உண்மை.

அத்தான் என்றால் அவளுடைய அக்காவின் கணவர். இரும்பு வேலைக்காரர். தம்பியைக் கூட வைத்துக்கொண்டு சொந்தமாக உலை போட்டு நடத்திக்கொண்டிருந்தார். மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே வண்டியின் இரும்பு வேலை அவரிடம்தான் போனது. வளைந்திருந்த தாங்கிகளை நெருப்பில் காட்டி நிமிர்த்தி, பழைய இரும்பையே திரும்பப் பூட்டியிருப்பதாகச் சொன்னார். ஓட்டல் முதலாளிக்குச் சந்தேகம். இரும்பு பளிச்சென்று இருந்தது. பழசை வேறு எங்காவது விற்றுவிட்டுப் புதுசை மாட்டிவிட்டாரோ என்று நினைத்து, பார்த்துச் சொல்ல அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

அன்றைக்குக் கூட்டம் இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற பாதிப் பேர் வந்திருந்தார்கள். அவள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். இரும்பின் மேல் பழைய பெயிண்ட் ஒரு பொட்டுகூட இல்லை. நெருப்பில் எரிந்து போயிருக்கும் என்று அத்தான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழுங்கிய நுனியைக் காட்டி, “பழைய ஆளுங்க இப்படி அரைகுறையா விடமாட்டாங்க” என்றாள்.

“கழட்டிப் பாரேன். அடியில பார்த்தா தெரிஞ்சிடும்” என்றார் அத்தான்.

“எதுக்குக் கழட்டணும்? நேத்து அடிச்ச இரும்பு. இன்னும் சூடுகூட ஆறல.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓட்டல் முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த ஒரு வரி ஊரெல்லாம் சுற்றியது. அத்தானுக்கு ‘சூடாறாதவர்’ என்று பட்டப்பெயர் நிலைத்தது. அவரிடம் இரும்பைக் கொடுக்க எல்லோரும் யோசித்தார்கள். கொஞ்ச நாளில் உலையை மூடிவிட்டு, கிரில் கேட் செய்யும் கடையில் வெல்டிங் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். அக்கா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். அவளும், உண்மையைச் சொன்னால் உறவு ஒட்டாதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இருந்துவிட்டாள்.

இப்போது அந்த நீலக் கரையைப் பார்த்தபடி வெறும் தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தவறிப்போனது பெரிதில்லை. கண் யாருக்கும் தவறும். கழற்றிப் பார்க்காமல் சொல்கிறோம் என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஒரு கணம் அது உறுத்தியதும் நினைவிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அது தித்திப்பாக இருந்தது. உறுத்தலை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

பட்டறை முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “அடேயப்பா, ஒரிஜினல்” என்று தொடையைத் தட்டிக்கொண்டார். அவருக்குப் பழைய கதை தெரியும். அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

“இங்க பாரும்மா. ஒரிஜினல்னு சொல்லுவோம். அதோட நிப்பாட்டிக்குவோம். பழசையெல்லாம் நாமளா ஏன் கிளறணும்? ஓட்டல்காரரே மறந்திருப்பாரு.”

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. மறுநாள் வந்த ஓட்டல் முதலாளி மறந்தேதான் போயிருந்தார். தாங்கியைக் கையில் வாங்கி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தார். “என்னமோ போலின்னு எவனோ சொன்னானே, இல்ல?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு கூட வந்தவர்களிடம், “இவங்கதான் கண்டுபிடிச்சாங்க. கண்ணா அது? எக்ஸ்ரே மெஷினு” என்றார்.

அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். பட்டறை முதலாளி அவசரமாக டீ தம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்தாள். மூன்று வருடத்துக்கு முன்பே ஒரு மனிதர் உண்மையென்று சொன்னதை அவளே கண்டுபிடித்ததாகப் பெயர் வாங்கிக்கொண்டு டீயும் குடித்தாள். தொண்டையில் இறங்கிய ஒவ்வொரு மடக்கும் சுட்டது.

அதற்கு அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா மாடி வீட்டு முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். யாரென்று பார்த்துவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். ஒரு தலையணை உறை முழுசாகத் தைத்து முடியும்வரை தங்கை நின்றுகொண்டே இருந்தாள்.

“என்ன, வழி தவறிடுச்சா?”

“அக்கா, அந்த வண்டி எங்க பட்டறைக்கு வந்திருக்கு. தாங்கியைக் கழட்டினேன். அத்தான் சொன்னதுதான் சரி. பழைய இரும்புதான்.”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முகத்தில் கோபம் வரவில்லை. ரத்தம் வடிந்ததுபோல வெளுத்தது.

“நல்லா பார்த்தியா?”

“நல்லா பார்த்தேன்.”

“இப்ப மட்டும்.” அக்கா உறையை மடித்து வைத்தாள். “உனக்கு ஒண்ணு தெரியாதுடி. அந்த இரும்பை நெருப்புல போட்டு நிமிர்த்தினது அவர் இல்ல. அவர் அப்ப காய்ச்சல்ல கிடந்தாரு. அவர் தம்பிதான் தனியா செஞ்சான். நீ போலின்னு சொன்னதும் இவர் அவனைப் பிடிச்சுக்கிட்டாரு. பழசை உடைச்சிட்டு, எனக்குத் தெரியாம புதுசு அடிச்சு மாட்டிட்டியாடான்னு. அவன் சத்தியம் பண்ணினான். இவர் நம்பல. ஏன் நம்பல தெரியுமா? அவ கண்ணு தப்பு பண்ணாதுன்னாரு. உன் கண்ணைத்தான் சொன்னாரு.”

தங்கை வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தாள்.

“அத்தான் போய் ஒரு தடவை வண்டியைப் பார்த்திருக்கலாமே?”

“யாரு உள்ள விட்டா? ஓட்டல்காரர் ஷெட்டுல பூட்டி வெச்சிட்டாரு. கேட்கப் போனவரை வாட்ச்மேன் விரட்டிட்டான். தம்பி அன்னைக்கே குடும்பத்தோட வெளிய போனவன்தான். இன்னிக்கு வரைக்கும் இவரும் போகல, அவனும் வரல.”

அத்தானை அவள் நம்பவில்லை. அத்தானோ, சொந்தத் தம்பியை விட்டுவிட்டு அவளை நம்பியிருக்கிறார். இதற்குப் பதிலாக அக்கா எழுந்து வந்து கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அத்தான் வந்தார். ஆள் இளைத்திருந்தார். வெல்டிங் பொறி தெறித்துச் சட்டையெல்லாம் ஊசி ஊசியாகத் துளைகள். அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு, பிறகு, “உட்காரலையா?” என்று மட்டும் கேட்டார். அவள் நின்றபடியே சொன்னாள். மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் தயார் செய்து கொண்டுவந்திருந்தாள். அது வாயில் வரவில்லை. நீலத்தையும் கறையையும் பற்றித்தான் பேச வந்தது.

அத்தான் வாளித் தண்ணீரில் கை கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

“மூணாவது இலை நுனி?”

“குட்டையா இருந்துச்சு அத்தான். பெயிண்டும் அங்கதான் நிக்குது.”

அவர் தலையை ஆட்டினார். அவளைத் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அவளைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

“அவனைத் திருடன்னு சொன்னேன்” என்றார் அக்காவைப் பார்த்து. “அவன் பொண்டாட்டி முன்னாடி சொன்னேன்.”

தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. வேறு சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தவர் நின்றார்.

“நீங்களும் வரணும். நான் சொன்னா அவன் கேட்கமாட்டான்.”

அக்கா கல்யாணமான நாளிலிருந்து அவளை ‘வா, போ’ என்று சொந்தத் தங்கையைப்போல அதட்டிக்கொண்டிருந்தவர் அவர். இன்றைக்கு ‘நீங்க’ என்றார். கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. அறிமுகமில்லாத ஒருத்தரிடம் உதவி கேட்பதுபோல இருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்கினாள்.

அத்தானின் தம்பி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். பார்சல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்து, இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கணவரை அனுப்பினாள். அத்தான் மைத்துனிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு சின்னதாகக் குறுகியது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அவள் தலையில் விழுந்தது. சொன்னாள்.

தம்பி கதவு நிலையில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அண்ணன் அன்னைக்கே கழட்டிப் பார்க்கச் சொன்னாரே. ஏன் பார்க்கல?”

நேரமில்லை என்று சொல்லலாம். நட்டு துருப்பிடித்திருந்தது என்று சொல்லலாம். இரண்டும் வாய்வரை வந்தன.

“எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.”

உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.  தம்பி அவளைத் தாண்டிப் பார்த்து, “வாண்ணா, ஏன் வெயில்ல நிக்கற?” என்றார். அத்தான் செருப்பைக் கழற்றுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார். அவளை யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தம்பியின் மனைவி வந்து கதவைப் பாதி சாத்தினாள். வாசலிலேயே நின்றவள் சந்திலிருந்து வெளியே வந்து, எந்தப் பஸ் என்று பார்க்காமல் ஏறிவிட்டு, நடுவழியில் இறங்கி நடந்தாள்.

அந்த வாரம் முழுக்கத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் நேரில் போய், அன்றைக்குச் சொன்னது தப்பு என்றாள். சிலர் சங்கடப்பட்டார்கள். சக்கரம் செய்கிறவர், “அப்ப இரும்புக்குச் சூடு ஆறிடுச்சுன்னு சொல்லுங்க” என்று சிரித்தார். அவளுடைய சொந்த நகைச்சுவையே திரும்பி வந்தது. அதையும் நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள். ஓட்டல் முதலாளிக்கு விஷயம் புரியவே நேரமானது. புரிந்ததும், “அட, அவரையே வந்து பூட்டச் சொல்லிடுவோம், கணக்கு நேராயிடும்” என்றார். அவருக்கு எல்லாமே சுலபமாக நேராகிவிடும்.

அத்தான் உலையைத் திறக்கவில்லை. அதற்கெல்லாம் இனி உடம்பில் தெம்பில்லை என்று சொல்லிவிட்டாராம். ஆனால் தாங்கிகளைப் பூட்ட அண்ணன் தம்பி இரண்டு பேரும் பட்டறைக்கு வந்தார்கள். அவள் வண்டியின் ஒரு பக்கக் கதவில் வைக்கோல் நிறக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். வண்டியின் மறுபுறம் அவர்கள் குரல் கேட்டது. எந்த நட்டை முதலில் முடுக்குவது என்று சண்டை. “உனக்கு எப்பவுமே அவசரம்டா” என்று ஒருவர். “நீ பிடிக்கிற பிடி அப்படி” என்று இன்னொருவர். நடுவில் ஏதோ சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

போய் ஒரு வார்த்தை பேசலாம் என்று பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். வண்டியின் மூலைவரை நடந்தாள். அவர்கள் சிரிப்பு நின்றுவிடுமோ என்று தோன்றியது. திரும்பி வந்து, காய்வதற்குள் முடிக்க வேண்டுமே என்று, விட்ட இடத்திலிருந்து கோட்டைத் தொடர்ந்தாள். கோடு அங்கே தடித்துவிட்டதால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டியிருந்தது.